நேற்றிரவு எங்கே தூங்கினாய்?

விடிகாலை நாலு மணி. நம் ஊர்களில் ஆலைச் சங்கு ஊத இன்னும் நேரம் இருக்கிறது. நடவுக்குப் போகிற பெண்கள் அப்போதுதான் கண் விழிப்பார்கள். அந்த நேரத்தில் மலேசியாவின் தென்கோடியில், ஜோகூர் பாரு நகரத்தில், ஒரு மேம்பாலத்தின் ஓரமாக நான் நின்றுகொண்டிருந்தேன். கீழே மோட்டார் சைக்கிள்கள். பத்து அல்ல, நூறு அல்ல; கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் விளக்குகள். தேருக்குப் பின்னால் ஜனங்கள் நகர்வதுபோல அவை அங்குலம் அங்குலமாக நகர்ந்தன. ஒவ்வொரு வண்டியிலும் ஒரு தொழிலாளி. முதுகில் பை. பைக்குள் சோற்றுப் பொட்டலம். சட்டைக்குள் பாஸ்போர்ட்.

அவர்கள் எங்கே போகிறார்கள்? வேலைக்குப் போகிறார்கள். ஆனால் அந்த வேலை அடுத்த தேசத்தில் இருக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர். தினமும் காலையில் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போய், இரவில் திரும்பி வருகிறார்கள். மோட்டார் சைக்கிள், பஸ், கார் எல்லாம் சேர்த்து நாள்தோறும் மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் இந்த எல்லையைக் கடக்கிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் என் மச்சானும் இருந்தார். என் தாத்தாவின் தங்கை, 1937ல் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலாயாவுக்குப் போனவர். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்தார். அவருடைய பேரன்தான் இந்த மச்சான். பாட்டி வெட்டிய தோட்டம் இன்று வீட்டு மனையாகிவிட்டது. பேரன் சிங்கப்பூர்த் தொழிற்சாலை ஒன்றில் யந்திரம் ஓட்டுகிறார். 2023 டிசம்பர் முதல், இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் வந்து போகலாம் என்று மலேசிய சர்க்கார் அனுமதித்தது. தம் தங்கை கல்யாணத்துக்கு மச்சானே எனக்கு டிக்கெட் எடுத்து அனுப்பினார். கட்சியின் முழுநேர ஊழியனிடம் விமான டிக்கெட்டுக்கு ஏது காசு? 2024ல் போய் வந்தேன். அங்கே கண்டதையும் கேட்டதையும் தோழர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சாலை விதி என்கிற சின்ன விஷயத்துக்குள் எவ்வளவு பெரிய விஷயம் ஒளிந்திருக்கிறது என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

ஒரே பாலம், இரண்டு சட்டம்

ஜோகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கிற கடற்பாலம் 1924ல் திறக்கப்பட்டது. நீளம் சுமார் ஒரு கிலோமீட்டர். அன்று இரு கரையும் வெள்ளைக்காரன் ஆட்சியில் இருந்தன. பாலத்தைக் கடக்கப் பாஸ்போர்ட் தேவைப்படவில்லை. 1965 ஆகஸ்ட் 9ந் தேதி சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்து தனி நாடாயிற்று. 1967ல் பாஸ்போர்ட் சோதனை வந்தது. 1998ல் துவாஸ் பக்கம் இரண்டாவது பாலம் திறந்தார்கள். பாலம் இரண்டானது, வரிசை குறையவில்லை.

அந்த ஒரு கிலோமீட்டர் தூரத்தைக் கடந்ததும் வண்டி அதேதான், ஓட்டுகிறவனும் அவன்தான். சட்டம் மட்டும் மாறிவிடுகிறது. மலேசியாவின் விரைவுச்சாலையில் அதிகபட்ச வேகம் மணிக்கு 110 கிலோமீட்டர். சிங்கப்பூரில் எந்த விரைவுச்சாலையிலும் 90க்கு மேல் போகக்கூடாது. ஊருக்குள் சாதாரண சாலையில் 50. மலேசியாவில் சிறிய மோட்டார் சைக்கிளுக்கான லைசென்ஸ் 250 சி.சி. வரை செல்லும். சிங்கப்பூரில் அந்தப் படியின் எல்லை 200 சி.சி. மலேசியாவில் புதிதாக லைசென்ஸ் எடுத்தவனுக்குப் பரீட்சைக் காலம் இரண்டு ஆண்டு. சிங்கப்பூரில் ஒரு ஆண்டு. சிங்கப்பூரில் பஸ்ஸுக்கென்று தனித் தடம் உண்டு. சில தடங்களில் காலையும் மாலையும் குறிப்பிட்ட மணி நேரம் மட்டும் மற்ற வண்டிகள் நுழையக்கூடாது. வேறு சில தடங்களில் காலையிலிருந்து இரவு வரை நுழையக்கூடாது. எந்தத் தடம் எந்த ரகம் என்பதைச் சாலையில் போட்டிருக்கும் கோட்டின் நிறத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். மழையில், இருட்டில், இரவு ஷிப்ட் முடித்து வருகிறவன் கோட்டின் நிறத்தைப் பார்ப்பானா, முன்னால் போகிற லாரியைப் பார்ப்பானா?

மச்சான் சொன்னார்: “வண்டி ஓட்டுறது கஷ்டம் இல்ல மச்சான். எந்த இடத்துல எந்தச் சட்டம்னு ஞாபகம் வச்சிக்கிறதுதான் கஷ்டம். தூக்கக் கலக்கத்துல பாதி நாள் நான் எந்த நாட்டுல இருக்கேன்னே தெரியாது.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாலு வெள்ளிக் கணக்கு

விதி என்பது சாலையோடு முடிந்துவிடவில்லை. வெளிநாட்டு வண்டி சிங்கப்பூருக்குள் நுழைய அனுமதிக் கட்டணம் உண்டு. நான் போயிருந்த 2024ல் மோட்டார் சைக்கிளுக்கு நாள் ஒன்றுக்கு 4 சிங்கப்பூர் வெள்ளி. ஆண்டுக்கு 10 நாள் இலவசம். சனி, ஞாயிறு இலவசம். வாரநாட்களில் மாலை 5 மணிக்கு மேல் நுழைந்து இரவு 2 மணிக்குள் வெளியேறிவிட்டாலும் இலவசம்.

தோழர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்க வேண்டும். மாலை 5 மணிக்கு மேல் நுழைந்து இரவு 2 மணிக்குள் திரும்புகிறவன் யார்? கடைத்தெரு பார்க்க வருகிறவன். சாப்பாட்டுக்கடைக்கு வருகிறவன். விருந்துக்கு வருகிறவன். அவனுக்கு இலவசம். காலை ஷிப்டுக்கு விடியுமுன் நுழைகிறவன் யார்? தொழிலாளி. அவனுக்கு 4 வெள்ளி. இரவு ஷிப்டுக்கு மாலை 7 மணிக்கு நுழைகிறான், மறுநாள் காலையில்தான் விடுதலை. யந்திரம் 2 மணிக்கு நிற்குமா? நிற்காது. ஆகவே அவனுக்கும் 4 வெள்ளி. மாதத்தில் 22 நாள் வேலை என்றால் 88 வெள்ளி. அப்போது ஒரு வெள்ளி மூன்று ரிங்கிட்டுக்கு மேல். ஒரு குடும்பத்தின் அரிசியும் பிள்ளையின் பள்ளிச் செலவும் அந்தக் கணக்கில் கரைகிறது.

மலேசிய சர்க்காரும் 2016 முதல் வெளிநாட்டுக் கார்களிடம் 20 ரிங்கிட் சாலைக் கட்டணம் வாங்குகிறது. ஆனால் மோட்டார் சைக்கிளுக்கு அதில் விலக்கு அளித்திருக்கிறது. ஏழையின் வண்டிக்கு விலக்குக் கொடுக்க முடியும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

மழையில் மறித்த காவலர்

ஒரு நாள் நடந்த சம்பவத்தை மச்சான் என்னிடம் விவரமாகச் சொன்னார்.

அன்று தொழிற்சாலையில் சரக்கு அவசரம். இரண்டு நாள் ஓவர்டைம். இரவு பதினொன்றுக்கு வேலை முடிந்து, பாலத்தில் வரிசையில் நின்று, வீடு போய்ச் சேர ஒன்றரை. மறுபடி நாலு மணிக்குக் கிளம்ப வேண்டும். அதற்குப் பதில் அக்கரையிலேயே ஒரு சிநேகிதன் அறையில் இரண்டு இரவு தரையில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் வேலை முடித்து வீட்டுக்குத் திரும்பும்போது விரைவுச்சாலையில் பெருமழை. அந்தப் பக்கத்தில் மழை என்றால் வாளியில் எடுத்து ஊற்றுவதுபோல. கொஞ்ச தூரத்தில் மேம்பாலத்தின் அடியில் மோட்டார் சைக்கிள்காரர்கள் ஒதுங்குவதற்கென்று கட்டிய இடம் இருந்தது. வண்டிகள் தேங்கி நின்றன. அந்த இடத்தைச் சீக்கிரம் அடைந்துவிடலாம் என்று சாலையின் ஓரத் தடத்தில் ஏறி ஓட்டினார். ஓரத் தடம் பழுதான வண்டிக்கும் ஆபத்து நேரத்துக்கும் உள்ளது; அதில் ஓட்டுவது குற்றம். இது மச்சானுக்குத் தெரியும். ஆனால் கை பழக்கப்படி போயிற்று.

காவலர் மறித்தார். மரியாதையாகத்தான் பேசினார். லைசென்ஸ் கேட்டார். பாஸ்போர்ட் கேட்டார். வேலை பெர்மிட் கேட்டார். பிறகு கேட்டார்:

“எங்கே குடியிருக்கிறாய்?”

“ஜோகூரில்.”

“நேற்றிரவு எங்கே தூங்கினாய்?”

இந்தக் கேள்விக்கு முன்னால் மச்சான் வாயடைத்து நின்றுவிட்டார். ஓரத் தடத்துக்கு அபராதம் என்றால் கட்டிவிடலாம். இந்தக் கேள்வி வேறு. வேலை பெர்மிட் வைத்துக்கொண்டு சிங்கப்பூரிலேயே குடியிருக்கிற அந்நியன், வெளிநாட்டில் பதிவான வண்டியை அங்கே ஓட்டக்கூடாது. தினமும் வீடு திரும்புகிறவன்தான் ஓட்டலாம். இரண்டு இரவு தரையில் படுத்தவன் குடியிருப்பவனா, குடியிராதவனா? பொய் சொன்னால் பொய் சொன்ன குற்றம். உண்மையைச் சொன்னால் வண்டி போகுமோ, பெர்மிட் போகுமோ? பெர்மிட் போனால் குடும்பம் எங்கே போகும்? ஒரு நிமிஷத்துக்குள் இத்தனையும் மனசில் ஓடியதாம்.

உண்மையைச் சொன்னார். ஓவர்டைம், இரண்டு இரவு, சிநேகிதன் அறை. காவலர் யோசித்தார். வீட்டு விலாசத்தைப் பார்த்தார். அந்த விஷயத்தில் எச்சரித்துவிட்டு, ஓரத் தடத்துக்கு மட்டும் சீட்டு எழுதினார். இரண்டு நாள் ஓவர்டைம் காசு அந்தச் சீட்டுக்குப் போயிற்று.

“அந்த ஆள் நல்ல மனுஷன் மச்சான்,” என்றார். “வேற ஒருத்தரா இருந்தா?”

தோழர்களே, இந்தக் கேள்விதான் என்னை உறுத்துகிறது. ஒரு தொழிலாளியின் ஜீவனம் அன்று எந்தக் காவலர் நின்றார் என்பதைப் பொறுத்து இருக்கலாமா? நல்லவரைச் சந்தித்தால் சோறு, கடுமையானவரைச் சந்தித்தால் பட்டினி என்றால், நடுவில் சட்டம் எதற்கு இருக்கிறது?

விருந்தாளியுமல்ல, வீட்டுக்காரனுமல்ல

இதன் மூலம் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். சாலைச் சட்டங்களை எழுதுகிறவர்கள் மனதில் இரண்டே வகை மனிதர்கள் இருக்கிறார்கள். ஒருவன் உள்ளூரில் குடியிருப்பவன். இன்னொருவன் வந்து போகிற விருந்தாளி. 1985ல் தென்கிழக்கு ஆசிய நாடுகள் கோலாலம்பூரில் ஓர் ஒப்பந்தம் செய்தன: ஒரு நாட்டின் லைசென்ஸை மற்ற நாடு ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று. நல்ல ஒப்பந்தம். ஆனால் அது தற்காலிகமாக வந்து தங்குகிறவனை நினைத்து எழுதியது. சிங்கப்பூரில் வெளிநாட்டு லைசென்ஸ் 12 மாதம் வரை செல்லும்; அதற்கு மேல் தங்குகிறவன் அந்த நாட்டு லைசென்ஸ் எடுக்க வேண்டும். இதுவும் தங்குகிறவனை நினைத்து எழுதியது.

தினமும் போய்த் தினமும் திரும்புகிற தொழிலாளி இந்த இரண்டு கட்டத்திலும் அடங்கவில்லை. பத்து ஆண்டாக ஒரே சாலையில் ஓட்டுகிறவனை விருந்தாளி என்று எப்படிச் சொல்வது? தினமும் வீடு திரும்புகிறவனை வீட்டுக்காரன் என்று எப்படிச் சொல்வது? பணம் வாங்கும்போது அவனை விருந்தாளி என்கிறார்கள்: நுழைவுக் கட்டணம் கொடு. தண்டிக்கும்போது வீட்டுக்காரன் என்கிறார்கள்: எல்லா விதியும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு பக்கத்துச் சுமையும் அவன் தலையில். இரண்டு பக்கத்து உரிமையும் அவனுக்கு இல்லை.

2020 மார்ச் 18ந் தேதி கொரோனா காரணமாக மலேசியா எல்லையை மூடியபோது இது அப்பட்டமாகத் தெரிந்தது. வேலையைக் காப்பாற்றிக்கொள்ள முந்தின இரவே ஆயிரக்கணக்கானோர் பையோடு அக்கரைக்கு ஓடினார்கள். படுக்க இடமில்லாமல் ரயில் நிலையத்தின் வாசலில் சிலர் படுத்தார்கள். தரைவழி பழையபடி திறந்தது 2022 ஏப்ரல் 1ந் தேதிதான். அன்று நள்ளிரவில் மோட்டார் சைக்கிள்கள் ஹாரன் அடித்துக்கொண்டு பாலத்தில் பாய்ந்த காட்சியைப் பற்றிச் சொல்லும்போது மச்சானின் மனைவி கண் கலங்கினார். இரண்டு வருஷம் அவர்கள் வீட்டுக் குழந்தை அப்பாவைப் போனில்தான் பார்த்ததாம்.

மூலதனத்துக்கு இந்தத் தொல்லை உண்டா? 2025 ஜனவரி 7ந் தேதி இரு சர்க்கார்களும் ஜோகூர் – சிங்கப்பூர் விசேஷப் பொருளாதார மண்டலம் அமைக்க ஒப்பந்தம் செய்தன. முதல் போடுகிறவனுக்கு வரிச் சலுகை, அனுமதியில் சலுகை. பணம் பாலத்தைக் கடக்க வரிசையில் நிற்பதில்லை. அதனிடம் ‘நேற்றிரவு எங்கே தூங்கினாய்?’ என்று யாரும் கேட்பதுமில்லை. அந்தப் பணத்துக்காக உழைக்கிற மனிதன்தான் விடிகாலை நாலு மணிக்கு மழையில் நிற்கிறான்.

எதிர்வாதம் இல்லாமலில்லை

சிலர் கேட்கலாம்: “விதியே வேண்டாம் என்கிறீரா?” அப்படி நான் சொல்லவில்லை. மலேசியாவில் சாலையில் சாகிறவர்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். ஹெல்மெட்டும், பகலிலும் விளக்குப் போடும் விதியும், வேக வரம்பும் ஏழையின் உயிரைக் காக்கிறவை. காரில் போகிறவனைச் சுற்றி இரும்புக் கூடு இருக்கிறது. மோட்டார் சைக்கிள்காரனைச் சுற்றி என்ன இருக்கிறது? அவன் எலும்புதான் அவனுக்குக் கூடு. ஆகவே விதியை மதிப்பது தொழிலாளியின் நலனுக்கே. ஓரத் தடத்தில் ஏறியது மச்சானின் தவறுதான். அவரும் அதை மறுக்கவில்லை.

இன்னொரு வாதம் இதைவிடக் கனமானது. சிங்கப்பூரில் ஒருவன் சொந்தமாக மோட்டார் சைக்கிள் வாங்க வேண்டுமானால் முதலில் வாகன உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும். 1990 முதல் இந்த முறை நடக்கிறது. அந்தக் காகிதம் 10 ஆண்டுக்குத்தான் செல்லும். 2022ல் மோட்டார் சைக்கிளுக்கான சான்றிதழ் விலை 12,000 வெள்ளியைத் தாண்டியது. வண்டி விலை அதற்கு மேல் தனி. சாப்பாடு சுமந்து வீடுவீடாகக் கொடுக்கிற சிங்கப்பூர் வாலிபன் இவ்வளவும் கட்டுகிறான். “நான் இத்தனை கொடுக்கும்போது பக்கத்து நாட்டுக்காரன் மலிவாக வந்து ஓட்டலாமா? அதற்குத்தான் நுழைவுக் கட்டணம்” என்று அவன் கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் இல்லையென்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் இதற்கு விடை, அவன் சுமையைக் காட்டி இவன் மேல் சுமை ஏற்றுவதா? இரண்டு தொழிலாளிகளும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருக்கும் வரை, இருவரிடமும் வாங்குகிற கை நிம்மதியாக இருக்கும். சிங்கப்பூர் வாலிபனுக்கு, பிழைப்புக்கு ஓட்டும் மோட்டார் சைக்கிளைப் பணக்காரனின் வாகனத்தோடு சேர்த்து எண்ணாதே என்று கேட்கும் உரிமை இருக்கிறது. ஜோகூர்த் தொழிலாளிக்கும் அதே கோரிக்கைதான். இரண்டும் ஒரே கோரிக்கை. இதைச் சேர்ந்து கேட்க வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, விதிகளைத் தொழிலாளிக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும். சிங்கப்பூரின் ஆட்சிமொழிகள் நான்கு. அவற்றில் தமிழும் ஒன்று. வேலை பெர்மிட் கொடுக்கும் அன்றே, வண்டியில் வருகிறவனுக்கு இரு நாட்டு விதிகளும் எங்கெங்கே வேறுபடுகின்றன என்று ஒரு சிறு புத்தகம் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் கொடுத்தால் என்ன நஷ்டம்? அதைச் சொல்லிக்கொடுப்பது முதலாளியின் பொறுப்பாகவும், அந்த நேரம் வேலை நேரமாகவும் இருக்க வேண்டும்.

இரண்டாவது, இரவு ஷிப்ட் தொழிலாளியின் கட்டணம். முதலாளிக்காகத்தான் அவன் இரவெல்லாம் கண் விழிக்கிறான். இரவு 2 மணிக்கு மேல் அவனை நிறுத்தி வைப்பது முதலாளியின் தேவை. அந்தக் கட்டணத்தை முதலாளி கட்டட்டும்; அல்லது சர்க்கார் விலக்குக் கொடுக்கட்டும்.

மூன்றாவது, ‘குடியிருப்பவன்’ என்றால் யார் என்பதை, தினமும் வந்து போகும் தொழிலாளியை மனதில் வைத்து, எத்தனை இரவு என்று நாள் கணக்கில் எழுதி வைக்க வேண்டும். ஓவர்டைமுக்காக ஒன்றிரண்டு இரவு தங்கியவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தக்கூடாது. எழுதாத விதி என்பது காவலர் கையிலுள்ள கயிறு. இழுத்தால் இறுகும், விட்டால் தளரும்.

நான்காவது, அபராதம் விழுந்தால் அந்தச் செய்தி தொழிலாளிக்குக் காலத்தில் போய்ச் சேர வேண்டும். அபராத பாக்கி வைத்த வெளிநாட்டு வண்டியைச் சிங்கப்பூர் எல்லையிலேயே திருப்பி அனுப்பலாம் என்பது 2019 முதல் நடைமுறை. காமிரா படம் பிடித்தது தெரியாமல் ஒருவன் விடிகாலையில் போய் நிற்க, கதவு திறக்காவிட்டால், அவனுக்கு அன்றைய சம்பளமும் போகிறது. அபராதத்துக்கு மேல் இன்னொரு அபராதம்!

இவற்றை யார் கேட்பது? இரு கரையிலும் தொழிற்சங்கங்கள் இருக்கின்றன. எல்லையைக் கடந்து தொழிலாளி வேலைக்குப் போகும்போது, சங்கம் மட்டும் எல்லையில் நின்றுவிட்டால் எப்படி? இரண்டும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும்.

அங்கே உறவினர் வைத்திருக்கும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. மச்சானும் அவர் சிநேகிதர்களும் அனுபவத்தில் கற்றதைச் சொல்கிறேன். காகிதங்கள் எல்லாவற்றையும் ஒரே உறையில் வைத்து மேலே எடுக்கும்படி வைத்திருங்கள். வண்டியின் இன்சூரன்ஸ் சிங்கப்பூருக்கும் செல்லும் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மறித்தால் ஓடாதீர்கள், நடுரோட்டில் வாதாடாதீர்கள். என்ன குற்றம், எந்தச் சீட்டு, எத்தனை நாளுக்குள் கட்ட வேண்டும், எங்கே முறையிடலாம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். காப்பிக் காசு என்று நீட்டவே நீட்டாதீர்கள். சிங்கப்பூரின் 1960ஆம் ஆண்டு லஞ்ச ஒழிப்புச் சட்டம் வாங்குகிறவனைப்போலவே கொடுக்கிறவனையும் தண்டிக்கிறது. 5 ஆண்டு வரை சிறை. சாலைக் குற்றம் பத்து நாளில் தீரும். இது தீராது. கையில் ஒரு பாக்கெட் சிகரெட் இருந்தாலும் எல்லையில் சொல்லி வரி கட்டிவிடுங்கள். அங்கே சிகரெட்டுக்கு இலவச அளவு என்பதே கிடையாது.

நம் வாசலிலும் ஒரு மச்சான்

ஊர் திரும்பிய பிறகு ஒரு நாள் திருப்பூர் போயிருந்தேன். பனியன் கம்பெனிகள் இருக்கிற ஒரு தெருமுனையில் காவலர்கள் வண்டிகளை மறித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளூர் எண் பலகை வைத்த வண்டிகள் பல போயின. ஒடிசா எண் வைத்த ஒரு பழைய மோட்டார் சைக்கிள் மட்டும் ஓரமாக நிறுத்தப்பட்டிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு வாலிபன். கேட்கிறது தமிழ், அவனுக்குத் தெரிந்தது ஒடியா. கையிலிருந்த போனைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தான். சுற்றி நின்ற நம் ஜனங்களில் ஒருவர் சிரித்தார்.

நம் நாட்டில் ஒரு மாநிலத்தின் லைசென்ஸ் எல்லா மாநிலத்திலும் செல்லும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, வேறு மாநில வண்டி 12 மாதத்துக்கு மேல் இங்கே இருந்தால்தான் புது எண் வாங்க வேண்டும். 2018 முதல் டிஜிலாக்கரில் காட்டும் காகிதமும் செல்லும். அந்த வாலிபன் போனில் காட்டிக்கொண்டிருந்தது அதுதான். பக்கத்தில் போய் இதைச் சொன்னேன். கொஞ்சம் பேச்சு நடந்தது. வண்டி போயிற்று. நான் பெரிய காரியம் ஒன்றும் செய்துவிடவில்லை. விதியைச் சொன்னேன், அவ்வளவுதான். ஆனால் அங்கே நின்ற இருபது பேரில், அதைச் சொல்ல வேண்டும் என்று வேறு யாருக்கும் தோன்றவில்லை.

ஜோகூரில் நம் மச்சானை மறித்தால் நமக்கு நெஞ்சு பதைக்கிறது. திருப்பூரில் ஒடிசாக்காரனை மறித்தால் சிரிப்பு வருகிறது. அவனுக்கும் ஊரில் ஓர் அக்கா இருப்பாள். அவளும் போனுக்குக் காத்திருப்பாள். அங்கே நியாயம் கேட்கிறவன் இங்கேயும் கேட்க வேண்டும். இங்கே சிரிக்கிறவனுக்கு அங்கே கேட்க வாய் ஏது?

ஆலைத் தோழர்களே! உங்கள் ஆலையில் வெளி மாநிலத் தொழிலாளி இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை அவரைச் சங்க அலுவலகத்துக்குக் கூப்பிடுங்கள். வண்டிக் காகிதத்தைப் பாருங்கள். எது செல்லும், எது செல்லாது என்று அவருக்குப் புரிகிறபடி சொல்லுங்கள். மறித்தால் கூப்பிட ஒரு போன் எண் கொடுங்கள். வயல் வேலைத் தோழர்களே! அறுவடைக்கும் நடவுக்கும் வருகிற வேற்றூர்க்காரரிடமும் அப்படியே நடந்துகொள்ளுங்கள்.

விடிகாலை நாலு மணிக்கு ஜோகூரில் அந்த விளக்கு வரிசை இன்றைக்கும் நகர்ந்துகொண்டிருக்கும். மச்சான் அதில் எங்கோ ஓரிடத்தில் நிற்பார். சட்டைக்குள் பாஸ்போர்ட், பைக்குள் சோறு. அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ‘நேற்றிரவு எங்கே தூங்கினாய்?’ என்பதல்ல. ‘நேற்றிரவு தூங்கினாயா?’ என்பதுதான்.